பதின்மூன்று சாண் பாய்

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், பொங்கல் விடுமுறை முடிந்ததும் அவளைத் திருவள்ளூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஏறக்குறைய என்று எழுதுவதற்குக் காரணம் நான்தான். என் கணவர் முடிவை என்னிடம் விட்டிருந்தார். நான் காலையில் அனுப்பலாம் என்பேன், சாயங்காலம் அவள் வந்து மடியில் விழுந்ததும் வேண்டாம் என்பேன். ஆனாலும் ஒரு தகரப் பெட்டி வாங்கியாகிவிட்டது. அவளுடைய நல்ல பாவாடைகள், ஒரு கம்பளிச் சட்டை, புதிய சீப்பு எல்லாவற்றையும் அதில் அடுக்கி, பூட்டாமல் மூலையில் வைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் புதுவாயலில் குடியிருந்தோம். கல்கத்தா ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கி, ஒரே கூரையின் கீழ் நான்கு குடித்தனங்கள் இருந்த வரிசையில் கடைசி வீடு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் என் கணவருக்கு ஃபிட்டர் வேலை. அதற்கு முன் செவ்வாப்பேட்டையில் இருந்தோம். அங்கிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தான். அக்காவைப் பார்க்க நினைத்தால் சமையலை முடித்துவிட்டுப் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவேன். புதுவாயலிலிருந்து என்றால் பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறி, காத்திருந்து, போய்ச் சேர அரை நாள் ஆகும். ஏழு வயதுக் குழந்தையை அந்த அரை நாள் தூரத்தில் விட்டு வருவதுதான் பேச்சு. மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டோம். ஷிப்ட் வேலைக்காரர் வீட்டில் மாதம் ஒரு முறை என்பது எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று எனக்குத் தெரியும்.

அனுப்ப நினைத்ததற்குக் காரணம் அவளுடைய பள்ளிக்கூடம். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். எங்கள் வீட்டில் அதுவரை படித்த பெண் நான் ஒருத்திதான். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பத்தாள் கூட வாங்கி எழுதி வைத்திருந்தேன். அதற்குள் கல்யாணம் கூடி வந்தது. அந்தத் தாள் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. ஆனால் படித்தவள் ஆயிற்றே, பிள்ளையின் படிப்பு இவள் பொறுப்பு என்று இரண்டு பக்கத்து உறவும் என் தலையில் கட்டிவிட்டது. நானும் மறுக்கவில்லை. அதனால் மகளின் படிப்பில் ஒரு குறை தெரிந்தால், அதை என் பரீட்சையில் விழுந்த குறையாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. ஓடு போட்ட ஒரே நீளக் கட்டடம். தலைமை ஆசிரியர் நான்காவது, ஐந்தாவதை ஒரு கோடியில் வைத்துக்கொள்வார். மற்ற மூன்று வகுப்பும் டீச்சரிடம். அந்த டீச்சர் ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடச் சின்னவள், கல்யாணமாகாதவள், பயிற்சி முடித்து நேராக வந்தவள். அவளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அதை இங்கே மறைப்பானேன்.

தினமும் மகள் வந்ததும் கைகால் கழுவ வைத்து, கேழ்வரகு அடையோ பொரியோ கொடுத்துவிட்டு, இன்று என்ன படித்தாய் என்று கேட்பேன். பதிலை ஒரு பழைய நோட்டில் எழுதிவைப்பேன். திங்கள்: இலை பொறுக்கினார்கள், ஒரே மாதிரி இலைகளைச் சேர்த்து வைத்தார்கள். செவ்வாய்: புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்தார்கள். புதன்: களிமண்ணில் உருண்டை. வியாழன்: மழை, பாட்டு. வெள்ளி: எந்தப் பொருள் மிதக்கும், எது முழுகும் என்று தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள், அதில் இவளுடைய பலப்பம் முழுகிப் போயிற்று.

இரண்டாம் வகுப்பில் நான் பத்தாம் வாய்ப்பாடு வரை நிறுத்தாமல் சொல்வேன். அடி, அங்குலம், முழம் கணக்கெல்லாம் மனப்பாடம். இவளோ ஐந்தாம் வாய்ப்பாட்டில் ஐயாறு முப்பது வரைக்கும் வந்துவிட்டு, அதற்கு மேல் விரலைப் பார்ப்பாள்.

இதையெல்லாம் அக்காவுக்கு எழுதினேன். அவள் பதிலில், "புளியங்கொட்டை பொறுக்கவா பிள்ளையைப் பெற்றாய்? இங்கே எங்கள் தெருவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷில் பாடுகின்றன. இங்குள்ள பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மாவிடம் பேசிவிட்டேன். ஜனவரியில் டி.சி.யோடு வந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். எனக்கும் வீடு வெறிச்சென்று இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கடைசி வரியை நான் என் கணவருக்குப் படித்துக் காட்டவில்லை.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தைய வாரம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்து விரித்தாள்.

"இன்னாடி பண்ற?"

"பாய் அளக்கணும்மா. டீச்சர் சொல்லிச்சு. படுக்கிற பாய சாண் போட்டு அளந்து எழுதிக்கினு வரணும்."

நாக்கைத் துருத்திக்கொண்டு, மண்டி போட்டு, சின்னக் கையை விரித்து விரித்து அவள் பாயின் விளிம்பில் ஊர்ந்துபோனாள். ஒரு தடவை அளந்தாள். சந்தேகப்பட்டு இரண்டாம் தடவையும் அளந்தாள். அந்த இடத்தில் அவள் என் மகள்தான். பிறகு சிலேட்டுப் பலகையில் 13 என்று பெரிதாக எழுதினாள்.

நான் அடுப்படியில் இருந்தபடியே பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் ஆறடிப் பாய் என்று கேட்டு வாங்கிய பாய் அது. ஒன்பது அங்குலம் ஒரு சாண். ஆறடி என்றால் எழுபத்திரண்டு அங்குலம். ஒன்பதெட்டு எழுபத்திரண்டு. மனத்துக்குள்ளேயே கணக்கு முடிந்துவிட்டது. பாய் பக்கம் போகாமல், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பலகையில் இருந்த பதின்மூன்றை அழித்துவிட்டு 8 என்று எழுதினேன்.

"நா ரெண்டு வாட்டி எண்ணினேம்மா. பதிமூணு தான் வந்துச்சு."

"தப்பா எண்ணியிருப்ப. ஆறடிப் பாய் எட்டு சாண் தான். அம்மா படிச்சிருக்கேன் இல்ல?"

அவள் பாயைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பலகையைப் பைக்குள் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஒரு தவறைத் திருத்திய திருப்தியோடு நான் குழம்பைக் கிளறினேன். அன்று நோட்டில், "பாய் அளத்தல். பிழை, திருத்தப்பட்டது" என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

மறுநாள் காலை மீன்காரம்மா வந்தாள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரி. வீட்டுக்காரர் அங்கே ஏரியில் வலை போட, இவள் இங்கே தொழிற்சாலைக் குடித்தனங்களில் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று மகளோடு வந்து தங்கியிருந்தாள். அவள் மகளுக்கு ஒன்பது வயது. தாமதமாகச் சேர்த்ததால் என் மகளோடு இரண்டாம் வகுப்பில் இருந்தாள். வகுப்பிலேயே நெட்டையான பெண்.

கூடையை இறக்கியவள், "இன்னா பாப்பாம்மா, கொயந்தைய ஊரவுட்டே அனுப்பப் போறியாமே" என்றாள்.

"இன்னும் முடிவு ஆவல."

"பொட்டி வாங்கிட்டேன்னு எம் பொண்ணு சொல்லிச்சே. இங்க படிச்சா இன்னாவாம்? எம் பொண்ணு நேத்து ஊடு பூரா அளந்துக்கினு கீது. பாய அளந்துச்சு, கூடைய அளந்துச்சு, எங்காலக் கூட வுடல."

"உங்க பொண்ணுக்குப் பாய் எவ்ளோ வந்துச்சு?"

"எனுக்கு இன்னா தெரியும்? பத்தோ பத்தரையோ சொல்லிச்சு."

அதுவும் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பாயைக்கூடச் சரியாக அளக்கச் சொல்லித் தராத பள்ளிக்கூடம். நான் அனுப்பலாம் என்று திடமாக முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான். இரண்டு கெளுத்தி வாங்கி அலசி மூடி வைத்துவிட்டு, டி.சி. கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். கையெழுத்து நன்றாக வர வேண்டும் என்று இரண்டு முறை எழுதினேன். தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

தலைமை ஆசிரியர் இல்லை. ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறார், மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று டீச்சர் சொன்னாள். "உக்காருங்கக்கா" என்று தாழ்வாரத்தில் ஒரு முக்காலியைப் போட்டாள். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக வகுப்பு முழுக்கத் தெரிந்தது. மகள் முன்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பெருமையாக ஒரு சிரிப்பு.

டீச்சர் ஒவ்வொருவராகப் பலகையைக் காட்டச் சொல்லி, எண்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு, பதினான்கு, பத்தரை. பத்தரை மீன்காரம்மா மகளுடையது. என் மகளுடைய முறை வந்ததும் அவள் எழுந்து நின்று கணீரென்று "எட்டு" என்றாள்.

வகுப்பு சிரித்தது. "எட்டா? உன் கை இன்னா, பனமட்டையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்கூட்டுப் பாயி எட்டு தான்."

"அப்ப உங்கூட்ல காலு வெளிய நீட்டிக்கினா தூங்குவீங்க?" என்றாள் மீன்காரம்மா மகள். மறுபடியும் சிரிப்பு. டீச்சர் அதட்டவில்லை. எட்டையும் மற்ற எண்களுக்குப் பக்கத்தில் அதே அளவில் எழுதினாள். பிறகு மூலையில் இருந்து ஒரு பாயை எடுத்து வந்து நடுவில் விரித்தாள். எங்கள் வீட்டில் இருப்பது போன்ற அதே கோரைப் பாய், அதே நீளம்.

"இது டீச்சர் ஊட்டுப் பாய். எல்லாருக்கும் ஒரே பாய். ஒவ்வொருத்தரா வந்து அளங்க. மத்தவங்க எண்ணுங்க."

அளந்தார்கள். எல்லோரும் சத்தமாக எண்ணினார்கள். ஒரே பாய்தான், ஆனாலும் மறுபடி பன்னிரண்டு, பதின்மூன்று, பத்தரை என்றே வந்தது. அளந்து முடித்தவர்கள் தரையில் கையை விரித்து வைக்க, டீச்சர் சாக்கட்டியால் அதைச் சுற்றிக் கோடு வரைந்தாள். தரை முழுக்கக் கைகளாக ஆனது. எனக்கு ஏதோ உறைக்கத் தொடங்கியது. ஆனால் முழுதாக உறைக்கவில்லை. எனக்கு வாய்ப்பாடு அவ்வளவு நன்றாக மனப்பாடம்.

என் மகள் வந்தாள். மண்டி போட்டாள். கையை விரித்து வைத்தாள். "ஒண்ணு" என்றது வகுப்பு. அடுத்த சாண் வைக்கும்போது, சுண்டுவிரல் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைக்காமல், ஒரு தாவு தாவி அப்பால் வைத்தாள். "ரெண்டு." மறுபடி ஒரு தாவல். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் தலையை உயர்த்திப் பாயின் அந்தக் கோடியைப் பார்த்தாள். இன்னும் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தாவினால் எட்டில் முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அது தெரிந்தது. கடைசித் தாவலில் கை பாயின் ஓரத்தைச் சரியாகத் தொட்டது. "எட்டு" என்று அவளே சொல்லிவிட்டு, நிமிர்ந்து ஜன்னல் பக்கம் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் எப்படி மறப்பேன். சரியாகச் செய்துவிட்டேன் பார் அம்மா என்றது அது.

"டீச்சர், அது தாவுது" என்றாள் மீன்காரம்மா மகள். "நடுவுல எடம் வுட்டுக்கினே போவுது."

"நா தாவல."

"தாவுன. நா பாத்தேன்."

"எங்கம்மா எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருக்காங்க. எட்டுன்னு எங்கம்மா தான் சொன்னாங்க."

வகுப்பு முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியது. டீச்சரும் திரும்பினாள். எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. அவளோ, "வந்துட்டீங்க இல்ல, நீங்களும் ஒரு வாட்டி அளங்கக்கா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே ஒரு பெரிய கை தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். புடவையை இடுக்கிக்கொண்டு, இருபத்தேழு வயதில், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் மண்டி போட்டேன். அப்போதும் எட்டுதான் வரும் என்று நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒன்பதெட்டு எழுபத்திரண்டு. கையை வலிக்க வலிக்க விரித்து வைத்தேன். பிள்ளைகள் எண்ணினார்கள். "ஆறு. ஏழு. எட்டு." பாய் இன்னும் மீதி இருந்தது. "ஒம்போது." இன்னும் மீதி இருந்தது.

"ஒம்போதரை" என்றாள் டீச்சர்.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண், "அப்ப எட்டு யாரு கை டீச்சர்?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. "அது யாரு கையும் இல்ல கண்ணு. நா படிச்ச புத்தகத்துல அப்படி இருந்துச்சு. பாப்பா அளந்தப்போ பதிமூணு தான் வந்துச்சு. நாந்தான் அத அழிச்சிட்டு எட்டுன்னு எழுதினேன்" என்றேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் தயங்காமல் சொன்னேன். அது எனக்கே ஆச்சரியம்.

டீச்சர் என் மகளைக் கூப்பிட்டாள். "மறுபடி அளக்கறியா? தாவாம." அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை கையை ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டு போனாள். வகுப்பு எண்ணியது. பதின்மூன்று. டீச்சர் எட்டை அழித்துவிட்டுப் பதின்மூன்று எழுதினாள். தரையில் அவள் கைக்கும் கோடு போட்டாள். பக்கத்தில் என் கையையும் வைக்கச் சொல்லிக் கோடு போட்டாள். என் கைக்குள் அவள் கை சுற்றிலும் இடம் விட்டு அடங்கும் போலிருந்தது.

"பெரிய கைக்கு சின்ன நம்பரு. சின்னக் கைக்கு பெரிய நம்பரு" என்று என் மகள் மெல்லச் சொன்னாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

மீன்காரம்மா மகளுக்கு உடனே ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. "எங்க ஊர்ல வலக் கயிறு பாகத்துல தான் அளப்பாங்க டீச்சர்" என்று எழுந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினாள். ஒரு கை விரல் நுனியிலிருந்து மறு கை விரல் நுனி வரை ஒரு பாகம். "கயிறு பங்கு போடறப்ப எங்க நைனாவ அளக்க வுட மாட்டாங்க. எங்க பெரிப்பாவதான் கூப்டுவாங்க. நைனா குட்டை. பெரிப்பா நெட்டை. நெட்டையா கீறவரு அளந்தா ஜாஸ்தி கயிறு வரும்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப பெரியப்பா ஊர்ல இல்லாத அன்னிக்கு இன்னா பண்ணுவீங்க?"

"சண்ட போட்டுக்குவாங்க."

"சண்ட வேணாம்னா இன்னா பண்ணலாம்?"

ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். பெரியப்பா கையை மரத்தில் செய்து வைத்துக்கொள்ளலாம் என்றது ஒரு பிள்ளை. எல்லோரும் டீச்சர் கையால் அளக்கலாம் என்றது இன்னொன்று. டீச்சர் ஊத்துக்கோட்டை போய்விட்டால் என்ன செய்வது என்று மறுத்தது வேறொன்று. எல்லா ஊரிலும் ஒரே நீளத்தில் ஒரு குச்சி இருந்தால் போதும் என்று அவர்களே வந்து சேரும் வரை டீச்சர் காத்திருந்தாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் அலமாரியைத் திறந்து மீட்டர் கோலை எடுத்தாள். அது அதுவரை அங்கேதான் இருந்திருக்கிறது. நான் டீச்சராக இருந்திருந்தால், அதை முதல் நிமிஷத்திலேயே எடுத்துக் காட்டி, நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்று நூறு முறை சொல்ல வைத்திருப்பேன்.

கோலால் யார் அளந்தாலும் ஒன்றே வந்தது. ஒரு மீட்டர், அதற்கு மேல் எண்பத்தொரு சென்டிமீட்டர். நெட்டைப் பெண் அளந்தாலும் அதுதான், என் மகள் அளந்தாலும் அதுதான், நான் அளந்தாலும் அதுதான். நான் வேண்டுமென்றே கேட்டு வாங்கி அளந்தேன். ஆறடிப் பாய் என்று கடைக்காரர் சொன்னது ஆறடி கூட முழுசாக இல்லை என்பது வீட்டுக்குப் போய் அடியாக மாற்றிப் பார்த்தபோது தெரிந்தது.

தலைமை ஆசிரியர் மத்தியானம் வரவில்லை. மணி அடித்ததும் டீச்சர் தாழ்வாரத்துக்கு வந்து, "சார எதுக்கு பாக்க வந்தீங்கக்கா?" என்று கேட்டாள். விண்ணப்பம் என் கைப்பையில் இருந்தது.

"வாய்ப்பாடு வர மாட்டேங்குது அவளுக்கு" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"வராது. இன்னும் பத்துப் பத்தா சேக்கறதே இப்பதான் வந்திருக்கு. வாய்ப்பாடு நீங்க ஊட்ல சொல்லிக் குடுங்க, ஒண்ணும் தப்பில்ல. ஆனா பலகைய அழிக்காதீங்கக்கா. அவ தப்பா எழுதினாலும் அப்படியே எங்கிட்ட வரட்டும். தப்பு எங்க ஆவுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

என்னைவிடச் சின்னவள் சொன்னாள். நான் சரி டீச்சர் என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் பின்தங்கியே வந்தாள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டியதும், "நா தாவுனது தப்பாம்மா?" என்று கேட்டாள். தப்பு என்றால் அவளை அந்தத் தப்புக்குத் தள்ளியது நான். தப்பில்லை என்றால் பொய் சொல்லச் சொன்னது போல் ஆகிவிடும். யோசித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். "மொதல்ல நீ சரியா தான் அளந்த. அம்மா தான் தப்பு" என்றேன். அவள் என் கையைப் பிடித்து, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இன்னா, டி.சி. வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

"ஹெட்மாஸ்டர் இல்ல."

"நாளைக்கு வருவாரு இல்ல?"

"வரட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன், எட்டு யார் கை என்ற கேள்வி வரைக்கும். அவர் சட்டையைக் கழற்றியபடியே சிரித்தார். "எல்லாம் மில்லிமீட்டர் ஆனப்புறமும் எங்க ஃபோர்மேனே இன்னும் அரை அங்குலம்னு சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்குவாரு. நீ எம்மாத்திரம்? சரி, அக்காவுக்கு இன்னா எழுதப் போற?"

அதுதான் கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடம் மிக நன்றாக இருக்கிறது என்று எழுத முடியாது. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, மழை வந்தால் பாட்டு. இங்கிலீஷ் ஒரு எழுத்து கிடையாது. அவளை அனுப்பாததால் பின்னால் ஏதாவது நஷ்டம் வருமா என்று இப்போதும் சில நாள் எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. என் ஒரு வார்த்தைக்காகத் தன் கையைப் பொய்யாக்கத் துணிந்த பிள்ளை அவள். தன் கைக்குப் பதின்மூன்று என்றால் பதின்மூன்றுதான் என்று யார் முன்னாலும் சொல்ல அவள் பழக வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே ஒரு வகுப்பில் தொடங்கியிருக்கிறது. அதைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அவளைப் பிரிய முடியாததற்கு இது ஒரு சாக்கோ என்றும் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். சாக்காகவே இருந்தாலும் நல்ல சாக்கு.

"பாப்பா இங்கேயே படிக்கட்டும் அக்கா. பொங்கலுக்கு நீ வா, நேரில் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதினேன்.

அக்கா வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். வந்த அன்றே மகளை உட்கார வைத்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டாள். மகள் ஏழ்மூணு இருபத்தொண்ணில் நின்றுவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். ஆனாலும் நான் குறுக்கே போகவில்லை. ஏழ்நாலு இருபத்தெட்டு என்று சொல்லத் துடித்த வாயை மூடிக்கொண்டு கரும்பை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மகள் எழுந்து போய் மூலையில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். "பெரிம்மா, இத அளக்கறீங்களா?"

"எதுக்குடி?"

"உங்க கைக்கு எவ்ளோன்னு பாக்கணும். டீச்சர் எழுதிக்கினு வரச் சொன்னாங்க. ஊட்ல கீற பொருளு எது வேணா அளக்கலாம். யாரு கைன்னு பக்கத்துல எழுதணும்."

"நீயே அளந்துக்க."

"நா அளந்துட்டேன். அப்பா அளந்துட்டாரு. நீங்க தான் பாக்கி."

அக்கா வேண்டா வெறுப்பாகக் கையை விரித்து வைத்தாள். என் மகள் பக்கத்தில் குனிந்து, "ஒட்டி வையுங்க பெரிம்மா, தாவக் கூடாது" என்று அவள் கட்டைவிரலை இழுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அளந்தாள். மூன்று வந்தது. திரும்ப ஒரு முறை அவளாகவே அளந்து பார்த்தாள். "உனக்கு எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டாள்.

"நாலு."

அக்கா தன் கையை நீட்டினாள். மகள் தன் கையை அதன் மேல் விரித்து வைத்தாள். பிறகு அக்கா, "உள்ள இன்னா கீது இதுல?" என்று பெட்டியைத் திறந்தாள். அடுக்கி வைத்த பாவாடைகளையும் கம்பளிச் சட்டையையும் பார்த்தாள். புதிய சீப்பை மட்டும் எடுத்து, மகளை முன்னால் உட்கார வைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டாள்.

மூன்றாம் நாள் அக்கா பெரியபாளையம் பஸ் ஏறினாள். பெட்டி இங்கேயே இருந்தது. அன்று காலையும் அக்கா பின்னிவிட்ட பின்னலோடு பள்ளிக்கூடத்துக்குப் போன மகளின் பலகையில், வரிசை கொஞ்சம் கோணலாக, பெட்டி 4 என் கை, பெட்டி 3 அப்பா கை, பெட்டி 3 பெரிம்மா கை என்று எழுதியிருந்தது. அப்பா கை பெரியம்மா கையைவிடப் பெரியது, அவருக்கு மூன்றுக்குக் குறைவாகத்தான் வந்திருக்கும். எனக்கு அது தெரிந்தது. நான் பலகையைத் தொடவில்லை.